பழைய டீசல் ஜீப்புக்கு டர்போ: காற்று, டீசல், சூடு

பழைய டீசல் ஜீப் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் டர்போவில் வந்து நிற்கும். "ஒரு டர்போவை மாட்டு, பவர் டபுள்" என்பார் ஒருவர். "டர்போ போட்டாயா, இன்ஜின் ஆயுள் பாதி" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் எங்கேயோ பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறார்கள், ஆனால் நடுவில் என்ன நடக்கிறது என்பதை இருவருமே தாண்டிப் போய்விடுகிறார்கள். மேடு ஏறும்போது மூச்சு வாங்கும் ஒரு பழைய வண்டி, கையில் அளவான பணம், டர்போ என்றால் விசிலடிக்கும் நத்தை மாதிரி ஒரு சாமான் என்ற அளவுக்கு அறிவு. இந்த மூன்றும் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டர்போ பவர் தராது, காற்றைத்தான் தரும். பவரைத் தருவது டீசல். அந்தப் பவரோடு சேர்ந்து வருவது சூடு, இன்ஜினைக் கொல்வதும் அதுதான். கீழே வரும் எல்லாமே இந்த மூன்றையும் சுற்றித்தான் வரும்.

இன்ஜின் குடிக்கும் காற்று

டீசல் எரியக் காற்று வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், எவ்வளவு வேண்டும் என்பதுதான் மனதில் பதிவதில்லை. 1 கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காற்று தேவை. 1 லிட்டர் டீசலுக்கு என்று கணக்குப் போட்டால் சுமார் 12 கிலோ, அதாவது நம்மைச் சுற்றி இருக்கும் சாதாரணக் காற்றில் 10,000 லிட்டர். ஒரு லிட்டருக்குப் பத்தாயிரம் லிட்டர். டீசலை உள்ளே அனுப்புவது சுலபம், ஒரு சின்னப் பம்ப் போதும். காற்றை அனுப்புவதுதான் கஷ்டம்.

டர்போ இல்லாத இன்ஜினில் காற்றைத் தள்ளுவதற்கு ஆளே கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் வெற்றிடத்தை நிரப்ப, வெளியில் இருக்கும் காற்றழுத்தம் காற்றை உள்ளே தள்ளுகிறது, அவ்வளவுதான். 2.5 லிட்டர் இன்ஜின் 2000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 2000 சுற்றில், ஓடுகிறது என்று வையுங்கள். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் மூச்சிழுக்கும் என்பதால் ஒரு நிமிடத்துக்கு 2500 லிட்டர் வரவேண்டும். ஏர் ஃபில்டர், வளைந்த குழாய், வால்வு என்று வழியில் இருக்கும் தடங்கல்களில் அதிலும் ஒரு பங்கு போய்விடும். மலை ஏறினால் இன்னும் மோசம். 3000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான், அதனால் அதே இன்ஜின் அங்கே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சிறுத்துப் போனது போல நடந்துகொள்ளும்.

துருத்தி போட்ட இன்ஜின்

கொல்லன் உலையை நினைத்துக்கொள்ளுங்கள். கரி அதேதான், உலையும் அதேதான், துருத்தியை மிதித்தால் தீ சீறுகிறது. டர்போ செய்வதும் அதுதான், ஒரே வித்தியாசம், இந்தத் துருத்தியை மிதிக்கத் தனி ஆள் வேண்டாம். உலையில் இருந்து வெளியே போகும் சூடான புகையே அதை மிதிக்கிறது.

உள்ளே இருப்பது ஒரு தண்டு, அதன் இரு முனையிலும் ஒவ்வொரு விசிறி. எக்ஸாஸ்ட் பக்கம் இருக்கும் விசிறிக்கு டர்பைன் என்று பெயர். இன்ஜினில் இருந்து அழுத்தத்தோடும் சூட்டோடும் வெளியேறும் வாயு அதன்மேல் மோதி அதைச் சுழற்றுகிறது. மறுமுனையில் இருப்பது கம்ப்ரசர். அது ஏர் ஃபில்டர் வழியாகக் காற்றை இழுத்து, நெருக்கி, இன்ஜினுக்குள் திணிக்கிறது. தண்டு சுற்றும் வேகம் நிமிடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும். அந்த வேகத்துக்குச் சாதாரண பால் பேரிங் எல்லாம் தாங்காது என்பதால், பெரும்பாலான பழைய டர்போக்களில் தண்டு நேராக எந்த உலோகத்தின்மேலும் உட்காருவதே இல்லை, மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது. இதை மறக்காதீர்கள், பின்னால் எண்ணெயைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இந்த யோசனை புதிதல்ல. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். உயரத்தில் மூச்சுத் திணறும் விமான இன்ஜின்களுக்காக ஜெனரல் எலக்ட்ரிக்கின் சான்ஃபோர்ட் மாஸ் 1918-ல் செய்த சோதனைதான் எனக்குப் பிடித்தது. லிபர்ட்டி விமான இன்ஜின் ஒன்றை அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைமேல் சுமார் 14,000 அடிக்கு ஏற்றி ஓட்டிப் பார்த்தார். கீழே 350 குதிரைத்திறன் தந்த இன்ஜின் மேலே 230 தான் தந்தது. டர்போவைப் போட்டதும் 356. மலை பறித்ததை டர்போ திருப்பிக் கொடுத்துவிட்டது.

இதுவரை வந்ததைச் சேர்த்துக்கொண்டால்: இன்ஜினின் பவருக்கு எல்லை போடுவது காற்று. டர்போ, வீணாகப் போகும் எக்ஸாஸ்ட் வாயுவின் பலத்தை வைத்து அந்தக் காற்றைக் கூட்டுகிறது.

பூஸ்ட் என்ற எண்ணை நம்பிவிடாதீர்கள்

வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் டர்போ எவ்வளவு கூடுதலாக ஏற்றுகிறதோ, அதற்குப் பெயர் பூஸ்ட். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பார், அதாவது 14.7 பிஎஸ்ஐ. 0.7 பார் பூஸ்ட் என்றால் உள்ளே மொத்தம் 1.7 பார் என்று அர்த்தம். "அப்படியென்றால் 70 சதவீதம் கூடுதல் காற்று, 70 சதவீதம் கூடுதல் பவர்" என்று பலர் அங்கேயே கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

அங்கேதான் கணக்கு இடிக்கிறது. காற்றை நெருக்கினால் சூடாகும், சூடான காற்று விரியும், விரிந்த காற்று அதே இடத்தில் குறைவாகத்தான் அடையும். 30 டிகிரியில் இருக்கும் காற்றைச் சுமாரான ஒரு கம்ப்ரசர் 1.7 மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால் அது வெளியே வரும்போது 100 டிகிரியைத் தொட்டிருக்கும். அந்தச் சூட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் உண்மையில் கூடிய காற்றின் எடை 38 சதவீதம்தான். மீட்டர் 70 என்று சொல்கிறது, இன்ஜினுக்குக் கிடைத்தது 38.

அந்தக் காற்றை இன்ஜினுக்குப் போகும் வழியில் ஆறவைக்கும் ரேடியேட்டர் போன்ற சாமான்தான் இன்டர்கூலர். அது 100 டிகிரியை 50-க்கு இறக்கினால், அதே 0.7 பார் பூஸ்ட்டில் காற்றின் எடை ஏறக்குறைய 60 சதவீதம் கூடும். குழாய்களில் போகும் இழப்பைக் கழித்தாலும் 55 நிற்கும். டர்போவைத் தொடவே இல்லை, பூஸ்ட்டைக் கூட்டவில்லை, லாபம் மட்டும் வந்துவிட்டது. இதோடு, உள்ளே போகும் காற்று எவ்வளவு குளிர்ச்சியோ அந்த அளவுக்கு வெளியே வரும் வாயுவும் சூடு குறைந்து வரும்.

இன்னொரு விஷயம். பூஸ்ட் மீட்டர் காட்டுவது இன்ஜின் விழுங்க முடியாமல் குழாயில் தேங்கி நிற்கும் காற்றின் அழுத்தத்தை. நன்றாக மூச்சுவிடும் இன்ஜினில் அதே டர்போ குறைந்த பூஸ்ட்டைக் காட்டும், ஆனால் அதிகக் காற்று போயிருக்கும். எனவே "என் வண்டி 1 பார் போகுது" என்பதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

பூஸ்ட் அளவு மீறாமல் காப்பது வேஸ்ட்கேட் என்ற சின்னக் கதவு. நிர்ணயித்த அழுத்தம் வந்ததும் அது திறந்துகொண்டு எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பகுதியை டர்பைனுக்குப் போகவிடாமல் பக்கவாட்டில் திருப்பிவிடும்.

டீசலும் பெட்ரோலும் எதிரெதிர்

டர்போவைப் பற்றிய குழப்பத்தில் பாதி, பெட்ரோல் வண்டிக்காரர்கள் சொன்னதை டீசல் வண்டிக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொண்டதால் வந்தது.

பெட்ரோல் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கலந்தே ஆகவேண்டும். ஆக்சிலரேட்டர் மிதி அங்கே காற்றைத் திறந்துவிடுகிறது, பெட்ரோல் அதற்கேற்ப வருகிறது. கூடுதல் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகாவிட்டால் சூடு எகிறும், பிஸ்டன் உருகும். அதோடு, தீப்பொறிக்குக் காத்திராமல் கலவை தானே வெடித்துத் தட்டும் நாக்கிங் என்ற ஆபத்தும் உண்டு. பூஸ்ட் கூடக்கூட அதுவும் கூடும். கார்புரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் வண்டியில் இதையெல்லாம் சமாளிப்பது குறைந்த செலவில் ஆகிற காரியமல்ல. என்னைக் கேட்டால் அந்தப் பணத்தில் இன்ஜினை நன்றாக ஓவர்ஹால் செய்துகொள்வது மேல். பெட்ரோல் பேச்சை இதோடு விட்டுவிடுகிறேன்.

டீசல் நேர்மாறு. பழைய டீசல் பலவற்றில் காற்றை அடைக்கும் த்ராட்டில் கதவே கிடையாது. காற்று எப்போதும் முழுதாகத்தான் போகிறது, உங்கள் கால் கட்டுப்படுத்துவது டீசலின் அளவை மட்டும். ஐட்லிங்கில் தேவைக்குப் பல மடங்கு காற்று உள்ளே இருக்கும். அழுத்தி மிதிக்க மிதிக்க டீசல் கூடி, காற்றின் உபரி குறையும். உபரி மிகவும் குறைந்தால் டீசல் சரியாகக் கலந்து எரிய நேரமும் இடமும் கிடைக்காமல் கருப்புப் புகையாக வெளியே வரும். டீசலில் சூடு ஏறுவது டீசல் கூடும்போது. காற்று கூடினால் சூடு இறங்கும். துருத்தி உவமை இந்த இடத்தோடு நின்றுவிடும், உலையில் காற்று கூடினால் தீ சூடேறும் அல்லவா.

இதிலிருந்து, டர்போவை மாட்டிவிட்டு டீசல் பம்ப்பை ஒன்றுமே செய்யாமல் விட்டால் இன்ஜினுக்கு முன்பைவிடச் சூடு குறைவு, புகை குறைவு. பவர் கொஞ்சம்தான் கூடும், ஏனென்றால் எரிக்க டீசல் கூடவில்லை. பிறகு பம்ப்பில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டும்போதுதான் "பறக்குது" என்ற அனுபவம் வரும், சூடும் அப்போதுதான் ஏறும். "டர்போ போட்டு இன்ஜின் போய்விட்டது" என்று சொல்லப்படுகிற பல கதைகளில் குற்றவாளி டர்போ அல்ல, அந்த ஸ்க்ரூதான்.

சுருக்கமாக: டீசலில் காற்று குளிர்விக்கும், எரிபொருள் சூடேற்றும். பெட்ரோல் வண்டிக்கு நல்லதென்று கேட்டதை டீசலில் செய்யாதீர்கள். த்ராட்டில் கதவு இல்லாத டீசலுக்கு அந்த "பிஷ்ஷ்" என்று சத்தம் போடும் ப்ளோ ஆஃப் வால்வும் தேவையில்லை. த்ராட்டில் சட்டென்று மூடும்போது அடைபடும் காற்றை வெளியே விடுவதுதான் அதன் வேலை, இங்கே மூடுவதற்குக் கதவே இல்லை.

ஒரே ஒரு மீட்டர் வாங்கப் பணம் இருந்தால்

அதை எக்ஸாஸ்ட் சூட்டை அளக்கும் மீட்டருக்குச் செலவழியுங்கள். இஜிடி மீட்டர் என்பார்கள். சிலிண்டர்களில் இருந்து வரும் புகையை ஒன்றுசேர்க்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் துளை போட்டு, டர்பைனுக்கு முன்னால் ஒரு உணர்கம்பி இறங்கும். டர்போவுக்குப் பின்னால் சைலன்சர் குழாயில் வைப்பது சுலபம்தான், ஆனால் வாயு டர்பைனைச் சுழற்றி அதில் பலத்தையும் சூட்டையும் இழந்த பிறகுதான் அங்கே வருகிறது. இன்ஜின் திணறும்போது இரண்டு இடத்துக்கும் நூறு இருநூறு டிகிரி வித்தியாசம்கூட வரலாம், அதுவும் ஒரே சீராக இருக்காது. மீட்டர் 550 காட்டும், பிஸ்டன் 700-ல் வெந்துகொண்டிருக்கும்.

பழைய இன்ஜினில் டர்பைனுக்கு முன் 650 டிகிரிக்குள் ஓடினால் நிம்மதி. 700-ஐத் தாண்டி நீண்ட மேட்டில் நிற்காமல் ஏறுவது சூதாட்டம். சுத்தமான அலுமினியம் 660 டிகிரியில் உருகும், பிஸ்டன் செய்யும் கலவை அதற்கும் முன்பே இளகிவிடும். அப்படியானால் 650-ல் பிஸ்டன் எப்படித் தாங்குகிறது என்று கேட்பீர்கள். எரியும் கணத்தில் உள்ளே சூடு 2000 டிகிரியை ஒட்டிப் போகும், ஆனால் அது மில்லி செகண்ட் கணக்குதான். அடுத்து வரும் குளிர்ந்த காற்று, கீழே தெறிக்கும் எண்ணெய், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் வழியாகச் சிலிண்டர் சுவருக்கும் அங்கிருந்து தண்ணீருக்கும் போகும் சூடு எல்லாம் சேர்ந்து பிஸ்டனைக் காப்பாற்றுகின்றன. இஜிடி ஏறுகிறது என்றால் இந்த வரவுசெலவில் துண்டு விழுகிறது என்று அர்த்தம். தண்ணீர் சூட்டைக் காட்டும் மீட்டர் இதைச் சொல்லவே சொல்லாது, அது அசையும்போது காரியம் முடிந்திருக்கும்.

கம்பெனியே டர்போ போட்ட இன்ஜினில் என்ன வேறு?

"அதே இன்ஜினுக்குக் கம்பெனியே டர்போ போட்டு விற்றார்களே, நாம் போட்டால் என்ன?" என்பது நியாயமான கேள்வி. டொயோட்டா லேண்ட் க்ரூசரின் 1ஹெச்இசட், 1ஹெச்டி-டி என்ற இரண்டு இன்ஜின்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் 6 சிலிண்டர், இரண்டும் 4.2 லிட்டர், இரண்டும் 1990 வாக்கில் வந்தவை. டர்போ இல்லாத முதலாவதில் கம்ப்ரஷன் விகிதம் 22-க்கும் மேல். கம்ப்ரஷன் விகிதம் என்றால் பிஸ்டன் மேலே ஏறும்போது காற்றை எத்தனையில் ஒரு பங்காகச் சுருக்குகிறது என்பது. டர்போ வைத்த இரண்டாவதில் அது 18.6 தான். எரியும் முறையும் வேறு. முதலாவதில் டீசல், சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டில் இருக்கும் ஒரு சின்னக் குழிக்குள் பாய்ந்து எரியத் தொடங்கி அங்கிருந்து சிலிண்டருக்கு வருகிறது, இரண்டாவதில் நேராகப் பிஸ்டன் தலைமேல் பாய்கிறது. அந்தச் சின்னக் குழி இருக்கிறதே, சூடு முழுக்க அங்கேதான் குவியும், ஹெட்டில் விரிசல் தொடங்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

பொதுவாக டர்போவுக்கென்றே வடிவமைத்த இன்ஜினில் பிஸ்டன் தடிமனாக இருக்கும், ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு பலமாக இருக்கும், பல இன்ஜின்களில் பிஸ்டனின் அடியில் எண்ணெயைப் பீய்ச்சிக் குளிரவைக்கும் சின்ன நாசில்கூட இருக்கும். கம்பெனிக்காரர்களுக்கே இது எளிதில் கைவந்துவிடவில்லை. லேண்ட் ரோவர் 1986-ல் தன் 2.5 லிட்டர் டீசலுக்கு டர்போ போட்டு 85 குதிரைத்திறனுக்கு ஏற்றியது. பாரம் இழுக்கும்போது சூட்டில் பிஸ்டன் விரிசல் விடும் என்ற கெட்ட பெயரை அந்த இன்ஜின் வாங்கியது. அடுத்து 1989-ல் நேரடியாக டீசல் பாயும் ஹெட்டும் இன்டர்கூலரும் சேர்த்து 200டிடிஐ என்ற இன்ஜினைக் கொண்டுவந்தார்கள். கொள்ளளவு அதே 2.5 லிட்டர், பவர் 110-ஐ ஒட்டி. அந்த இன்ஜின்கள் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆகவே டர்போ இல்லாமல் பிறந்த இன்ஜினுக்கு அடக்கமாக 0.5 முதல் 0.7 பார் வரை வைத்துக்கொள்வதுதான் வழக்கம். அதற்கு மேல் ஆசை இருந்தால், உங்கள் வண்டிக்குப் பொருந்தும் கம்பெனி டர்போ இன்ஜினை முழுசாகப் பழையதாக வாங்கி மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். கேட்கப் பெரிய வேலையாகத் தோன்றும். மேனிஃபோல்டு, பம்ப், இன்டர்கூலர், குழாய், வெல்டிங் கூலி எல்லாவற்றையும் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்த பிறகு அவ்வளவு பெரிதாகத் தோன்றாது.

பெரிய டர்போ ஏன் வேண்டாம்

காட்டிலும் மேட்டிலும் போகும் வண்டி பெரும்பாலும் 1200-க்கும் 2500-க்கும் இடைப்பட்ட ஆர்பிஎம்மில்தான் ஓடும். அந்த வேகத்தில் எக்ஸாஸ்ட் வாயு குறைவு. பெரிய டர்பைனைச் சுழற்ற அது போதாது. இன்ஜின் எந்த ஆர்பிஎம்மில் உருப்படியான பூஸ்ட் தரத் தொடங்குகிறதோ அது பூஸ்ட் தொடக்கம். அதற்கு மேலான வேகத்தில் ஓடும்போது, மிதித்த பிறகும் பூஸ்ட் வருவதற்கு ஆகும் தாமதம் லேக். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது சகஜம். 1100 ஆர்பிஎம்மில் மிதித்துவிட்டு "லேக் அடிக்குது" என்று சொல்வதில் பொருளில்லை, அங்கே பூஸ்ட் தரும் அளவுக்கு வாயுவே கிடையாது.

பெரிய டர்போ போட்டு 2800-ல் பூஸ்ட் தொடங்கும்படி வைத்துக்கொண்டால் ஆஃப்ரோடில் என்ன ஆகும் என்று பாருங்கள். சறுக்கலான மேட்டின் பாதியில் வண்டி திணறுகிறது, இன்னும் மிதிக்கிறீர்கள், ஆர்பிஎம் ஏறுகிறது, திடீரென்று பூஸ்ட் மொத்தமாக வந்து இறங்குகிறது, சக்கரம் பிடி விட்டுச் சுழல்கிறது, ஒரு கல்லில் மறுபடி பிடிக்கிறது. ஆக்ஸில் ஷாஃப்ட் "டக்" என்று போகும் நேரம் அதுதான். சின்ன டர்போ 1500-லேயே மெதுவாக ஏற்றத் தொடங்கும், மேலே 3500-ல் மூச்சு முட்டும். முட்டட்டும், அங்கே உங்களுக்கு வேலை இல்லை.

பழைய டர்போ வாங்கும்போது உங்கள் இன்ஜினின் கொள்ளளவும் ஆர்பிஎம்மும் ஒத்த ஒரு டீசல் வண்டியில் கம்பெனி போட்டதைத் தேடுங்கள். 2.5 லிட்டர் டீசலில் இருந்து வந்தது இன்னொரு 2.5 லிட்டர் டீசலுக்கு அநேகமாக ஒத்துப்போகும். கையில் எடுத்ததும் தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள், அந்தத் திசையில் ஆட்டம் கைக்குத் தெரியவே கூடாது. பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கத்தான் செய்யும், எண்ணெய் இல்லாத நிலையில் அது இயல்பு, விசிறி கூட்டில் உரசாமல் இருந்தால் சரி. இறகுகளின் ஓரத்தில் கடித்தது போல இருந்தால் ஏதோ உள்ளே போய் அடித்திருக்கிறது என்று அர்த்தம், அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

எண்ணெய் இறங்கும் குழாய்

டர்போவுக்கு எண்ணெய் வரும் குழாய் எல்லோரும் கவனமாகப் பார்ப்பது. ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் 'T' வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு எடுத்துவிடுவார்கள், அதில் பெரிய பிரச்சினை வராது. கோட்டை விடுவது திரும்பி வரும் குழாயில். டர்போவுக்குள் அழுத்தத்தோடு போகும் எண்ணெய், தண்டைச் சுற்றி வந்த பிறகு அழுத்தமெல்லாம் இழந்து காற்றோடு கலந்து நுரையாக, தன் எடையால் மட்டுமே கீழே இறங்கும். அதனால் அந்தக் குழாய் ஏறக்குறைய கட்டைவிரல் தடிமன் இருக்கவேண்டும், முடிந்தவரை செங்குத்தாக, நடுவில் தொங்கலோ மேல்நோக்கிய வளைவோ இல்லாமல் இறங்கி, ஆயில் சம்ப்பில் எண்ணெய் நிற்கும் மட்டத்துக்கு மேலே போய்ச் சேரவேண்டும்.

இல்லையென்றால் எண்ணெய் டர்போவிலேயே தேங்கி, ரப்பர் சீல் இல்லாத அந்தத் தண்டின் இரு முனையிலும் கசிந்து, ஒரு பக்கம் சைலன்சரில் நீலப் புகையாகவும் மறுபக்கம் இன்ஜினுக்குள் எரிபொருளாகவும் போகும். பலர் "டர்போ போச்சு" என்று கழற்றி இன்னொன்றை வாங்கி மாட்டுவார்கள், அதுவும் ஒழுகும். எண்ணெய் பெரிய அளவில் காற்று வழியாக இன்ஜினுக்குள் போனால் சாவியை அணைத்தாலும் இன்ஜின் நிற்காமல் தன்போக்கில் வேகமெடுக்கும் ஆபத்தும் உண்டு. ரன்அவே என்பார்கள். காற்று வரும் வழியை அடைப்பதுதான் அப்போது வழி, கையால் அல்ல, பலகை போல ஏதாவது ஒன்றால்.

செலவு எந்த வரிசையில்

முதல் பணம் டர்போவுக்குப் போகக்கூடாது. கம்ப்ரஷன் சோதனை, டீசலைத் தூவும் நாசில்களின் சோதனை, வால்வு இடைவெளி, ரேடியேட்டர் சுத்தம், தண்ணீர் பம்ப், இவை முதலில். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் ரயில் மாதிரி புகை தள்ளும் இன்ஜினுக்கு டர்போ போட்டால், இருக்கும் ரிங்கும் போகும். நாசில் சரியாகத் தூவாமல் ஒழுகினால் எவ்வளவு காற்று கொடுத்தாலும் புகைதான், பிஸ்டன் தலையில் ஓட்டை விழ அது ஒன்றே போதும்.

அடுத்து இஜிடி மீட்டரும் பூஸ்ட் மீட்டரும். அதன்பின் டர்போ, மேனிஃபோல்டு, எண்ணெய்க் குழாய்கள், பெரிய சைலன்சர் குழாய். மேனிஃபோல்டு மெல்லிய குழாயில் வெல்டிங் செய்தால் சூடாகிச் சூடாகி ஆறி விரிசல் விடும், டர்போவின் எடையும் அதன்மேல்தான் தொங்குகிறது. கனமான குழாயில் செய்யச் சொல்லுங்கள், டர்போவுக்குத் தனியாக ஒரு தாங்கி போடச் சொல்லுங்கள். இன்டர்கூலரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், 0.5 பாருக்குள் இருந்தால் அது இல்லாமல் ஓட்ட முடியும். வைக்கும்போது ரேடியேட்டருக்கு முன்னால் அடைத்து வைத்தால் சேறு அப்பி இரண்டும் சேர்ந்து கெடும் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி வைத்து டியூன் செய்வதெல்லாம் எலக்ட்ரானிக் இன்ஜின்களுக்கு. மெக்கானிக்கல் பம்ப்பில் டியூனிங் என்பது ஸ்க்ரூடிரைவர், ஸ்பேனர், பொறுமை.

ஸ்க்ரூவைத் திருகும் நாள்

டர்போ இல்லாத இன்ஜினுக்கு வந்த பம்ப்புக்குப் பூஸ்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. டீசலைக் கூட்டினால் எல்லா வேகத்திலும் கூட்டிவிடும், பூஸ்ட் வராத 1200-லும் அதே டீசல் போகும், கருப்புப் புகை கக்கும். கம்பெனி டர்போ இன்ஜின்கள் பலவற்றின் பம்ப்பில் பூஸ்ட் அழுத்தத்தை உணர்ந்து அதற்கேற்ப டீசலைக் கூட்டும் ஒரு டயஃப்ரம் இருக்கும். பூஸ்ட் காம்பன்சேட்டர் என்று பெயர். அது இருக்கும் பம்ப் கிடைத்துப் பொருந்தினால் நல்லது. கிடைக்காவிட்டால் கீழ்வேகத்தில் லேசாகப் புகை வரும் அளவோடு நிறுத்திக்கொண்டு, மேலே கொஞ்சம் பவரை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். "புகை வந்தால்தான் பவர்" என்பவர்களை நம்பாதீர்கள், அந்தப் புகை எரியாமல் வெளியே போகும் உங்கள் டீசல்.

முதலில் பம்ப்பைத் தொடாமல் ஓட்டுங்கள். பூஸ்ட் எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது, எங்காவது காற்றுக் கசிகிறதா என்று பாருங்கள். இஜிடியும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நீளமான மேட்டைத் தேர்ந்தெடுத்து, ஸ்க்ரூவை எட்டில் ஒரு சுற்று உள்ளே திருகி, அதே மேட்டில் அதே கியரில் ஏறிப் பாருங்கள். சில பம்ப்களில் இதோடு ஐட்லிங்கும் ஏறும், அதைத் திரும்ப இறக்கிவைக்க வேண்டும். மறுபடி எட்டில் ஒரு சுற்று. இஜிடி 650-ஐ நெருங்கும்போது நிறுத்துங்கள். அங்கிருந்து இன்னும் வேண்டுமென்றால் அடுத்த படி ஸ்க்ரூ அல்ல, இன்டர்கூலர்.

இதில் மைலேஜ் கூடுமா என்று எல்லோரும் கேட்பார்கள். அதே பாரம், அதே வேகம் என்றால் கொஞ்சம் கூடலாம். கையில் பவர் வந்த பிறகு அதே வேகத்தில் யார் போகிறார்கள்?

மாட்டிய பிறகு

நீண்ட மேடு ஏறி முடித்த உடனே இன்ஜினை அணைக்காதீர்கள், ஒன்றிரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். அணைத்ததும் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும், டர்பைன் கூட்டின் சூட்டில் தண்டைச் சுற்றி நிற்கும் எண்ணெய் கருகிக் கரியாகும். எண்ணெய் மாற்றும் இடைவெளியையும் குறைத்துக்கொள்ளுங்கள், டர்போ எண்ணெயை நம்பித்தான் உயிர்வாழ்கிறது.

கூடுதல் டார்க்கை, அதாவது சுழற்றும் பலத்தை, முதலில் உணர்வது கிளட்ச். மேல் கியரில் மிதிக்கும்போது ஆர்பிஎம் மட்டும் ஏறி வண்டி வேகமெடுக்காவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. அடுத்தது கியர்பாக்ஸ், பிறகு ஆக்ஸில் ஷாஃப்ட். லோ ரேஞ்சில் முதல் கியரில் டார்க் பல மடங்கு பெருகிச் சக்கரத்துக்குப் போகிறது, டர்போ இல்லாமலேயே அங்கே பலம் தாராளம். பாறைமேல் ஊர்ந்து போவதற்கு டர்போ தேவையே இல்லை, சுமையோடு நெடுஞ்சாலையிலும் மலைப்பாதையிலும் மணலிலும் போவதற்குத்தான் அது வேண்டும். வேகம் கூடியதால் பிரேக்கையும் பார்த்துவிடுங்கள். இன்ஜினில் இப்படி மாற்றம் செய்தால் பதிவிலும் இன்சூரன்ஸிலும் தெரிவிக்க வேண்டும் என்ற விதி பல நாடுகளில் இருக்கிறது, வேலையைத் தொடங்கும் முன் கேட்டுவிடுவது நல்லது.

அப்புறம், முதல் சில நீண்ட ஓட்டங்களுக்குப் பிறகு இன்ஜின் முழுதாக ஆறியதும் மேனிஃபோல்டு நட்டுகளையும் டர்போ ஃப்ளாஞ்ச் நட்டுகளையும் ஒரு தடவை முறுக்கிப் பாருங்கள். சூடாகி ஆறும்போது அவை தளரும். தளர்ந்த இடத்தில் கேஸ்கெட் ஓரமாகக் கருப்பாகக் கோடு விழுந்திருக்கும், டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும்.